சித்தப்பாவின் கண்களைக் கொடுத்தோம். சித்திக்கு இப்போது என்ன பதில் சொல்வது?

காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடி மாதம் என் சித்தப்பா வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். பிறகு மூளைச்சாவு என்று சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு அம்மா வந்து உறுப்பு தானம் பற்றிப் பக்குவமாகப் பேசினார். பெரியப்பா முதலில் கூடவே கூடாது என்றார், கடைசியில் "உங்க இஷ்டம்" என்று எழுந்து வெளியே போய்விட்டார். சித்தப்பாவின் மகள்தான், "அப்பா இருந்தா குடுக்கத்தான் சொல்லுவாரு" என்றாள். சித்தி கையெழுத்துப் போட்டார். கல்லீரல், இரண்டு சிறுநீரகம், கண்கள். அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. ஊரே கூடி நின்றது.

கருமாதி அன்று சாப்பாட்டுப் பந்தியில் ஒரு சொந்தக்காரர் சொன்னார்: "கொறப்பட்ட உடம்ப எரிச்சா ஆத்மா கரை சேராது. கண்ண எடுத்துட்டு அனுப்புனா அடுத்த பிறவியில குருடாத்தான் பொறக்கணும்." சித்தி காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சித்தி சரியில்லை. ஐயாறப்பர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர் இப்போது வாசல் வரைகூட வருவதில்லை. "நான் அவருக்குத் துரோகம் பண்ணிட்டேனா?" என்று கேட்கிறார். இன்னொன்றும் கேட்கிறார், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது: "கையெழுத்துப் போடும்போது நெஞ்சு ஏறி இறங்கிச்சே, கை சூடா இருந்துச்சே, அப்ப உயிர் இருந்துச்சா?"

"அதெல்லாம் மூடநம்பிக்கை சித்தி, விடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆடி அமாவாசைக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் தம்பி அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது நானும் பக்கத்தில் நிற்கிறவள். எள்ளும் தண்ணீரும் அப்பாவுக்குப் போய்ச் சேர்கிறது என்று நம்புகிறேன். அதை நம்பிக்கொண்டு, உடம்பைப் பற்றிச் சொல்வதை மட்டும் பொய் என்று எந்த நியாயத்தில் தள்ளுவது? நம்பிக்கை உள்ளவர்கள் இதை உங்களுக்குள் எப்படித் தீர்த்துக்கொண்டீர்கள்? அதுதான் என் கேள்வி.


ஈரோட்டான்

தோழர், உங்கள் சித்தி செய்தது மிகப் பெரிய காரியம். ஆத்மாவும் இல்லை, அடுத்த பிறவியும் இல்லை. சிறுநீரகம் பெற்ற இருவர் டயாலிசிஸ் மிஷினிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். கருவிழி கிடைத்தவர் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார். இதைத் தவிர வேறு பதில் தேவையில்லை என்பது என் கருத்து.


காவேரிக்கரை

நன்றி அண்ணா. சித்திக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார். "அவங்க நல்லா இருக்கட்டும். இவரு எங்க இருக்காரு?" என்பதுதான் அவர் கேள்வி.


இரவுப் பணி

அக்கா, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கோயில், பிறவி பற்றியெல்லாம் பெரியவர்கள் சொல்வார்கள். "உயிர் இருந்துச்சா" என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்வியைச் சித்தி மனதில் வைத்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல. கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு வேலை செய்யும், பெரும்பாலும் தானாக மூச்சு விடுவார், சிலர் மீண்டும் வருவார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டு முழுதாக நின்றுபோய்விடும். மூச்சு விடச் சொல்லும் இடமே அதுதான். நீங்கள் பார்த்த நெஞ்சு ஏறி இறங்கியது வென்டிலேட்டர் தள்ளிய காற்றால். இதயத்துக்குத் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை, பிராணவாயு கிடைக்கும் வரை அது பாட்டுக்குத் துடிக்கும். அதனால்தான் கை சூடாக இருந்தது.

எப்படிச் சோதிப்பார்கள் என்று சொல்கிறேன். மயக்க மருந்தின் வேலை இல்லை, உடம்பு குளிர்ந்து போகவில்லை என்பதை முதலில் உறுதி செய்வார்கள். கண்ணில் டார்ச் அடித்தால் கண் பாப்பா சுருங்குகிறதா, பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, பிராணவாயுவை மட்டும் குழாய் வழியாகக் கொடுத்துவிட்டு, நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அளவு 60ஐத் தொட்டும் ஒரு மூச்சுகூடத் தானாக வரவில்லை என்றால்தான் எழுதுவார்கள். இவ்வளவையும் குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். 4 மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் ஒருவராக இருக்கக் கூடாது.

அந்தச் சோதனையின்போது படுக்கை பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த நிமிஷங்களில் அறையில் யாரும் பேசமாட்டோம். ஒரு மூச்சு வந்துவிடாதா என்றுதான் நாங்களும் பார்த்துக்கொண்டிருப்போம்.

சில நேரம் விரல் துடிக்கும், கைகூட லேசாகத் தூக்கும். அது முதுகுத்தண்டின் அனிச்சை. வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு "அசைஞ்சாரு" என்று ஓடி வருவார்கள். அதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லாமல் விடுவது எங்கள் தரப்புக் குறை.

சித்தியிடம் சொல்லுங்கள்: கையெழுத்துக் கேட்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். சாவுச் சான்றிதழிலும் இரண்டாவது சோதனை முடிந்த நேரத்தைத்தான் இறந்த நேரமாகப் போடுவார்கள். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.


திருமுறை அன்பன்

அம்மா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சைவ சித்தாந்தம் கொஞ்சம் படித்தவன். உங்கள் கேள்வி நேர்மையான கேள்வி. ஒன்றை நம்பி ஒன்றைத் தள்ளலாமா என்கிறீர்கள். தள்ள வேண்டாம். நம்புவதை முழுதாக நம்பிப் பார்ப்போம், எங்கே போய் நிற்கிறது என்று.

உங்கள் உறவினர் சொன்னது சாத்திரம் அல்ல. இறந்தபின் முதல் 10 நாள் பிண்டம் வைக்கிறோம், எதற்கு? கருட புராணம் சொல்கிறது: அந்தப் பிண்டங்களால்தான், தலையில் தொடங்கி அங்கம் அங்கமாக, உயிர் பயணப்படுவதற்கான உடல் உண்டாகிறது. அதாவது நெருப்பில் போட்ட உடம்பு அங்கே போவதில்லை. உங்கள் தங்கையோ தம்பியோ வைத்த பிண்டத்தால் உங்கள் சித்தப்பாவுக்குக் கண்ணும் கிடைத்திருக்கிறது, கல்லீரலும் கிடைத்திருக்கிறது. காரியத்தை நம்புகிறவர் இதையும் நம்பியே ஆக வேண்டும்.

சித்தாந்தத்தில் கண்ணால் பார்க்கிற தூல உடம்பு வேறு, கண்ணுக்குத் தெரியாத சூக்கும உடம்பு வேறு. வினையைச் சுமந்துகொண்டு போவது சூக்கும உடம்பு. அதைக் கத்தி தொடாது. அடுத்த பிறவியின் உடம்பை முடிவு செய்வது வினை. கண்ணை ஒருவருக்குக் கொடுத்தது என்ன வினை, நல்வினையா தீவினையா என்று அந்த உறவினரையே கேளுங்கள்.

காளத்தியில் கண்ணப்பர் தன் கண்ணைத் தோண்டி அப்பினார். ஆறே நாள் பூசை செய்த வேடனை இறைவன் தன் வலப்பக்கம் நிற்க வைத்தார். கண் போனவர் குருடாகப் பிறப்பார் என்று சொல்கிற சைவர், 63 நாயன்மார் வரிசையில் அவரைக் கும்பிடும்போது என்ன நினைத்துக் கும்பிடுகிறார்? புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர்கள் தங்கள் முன்னோன் என்று பெருமை பேசினார்கள். அந்த மண்ணில்தான் உங்கள் சித்தி இருக்கிறார். ததீசி முனிவர் முதுகெலும்பையே கொடுத்தார். நம் மரபு உடம்பைக் கொடுத்தவர்களை ஒருபோதும் குறைப்பட்டவர்கள் என்று சொன்னதில்லை.

சித்தியைக் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள் அம்மா. ஐயாறப்பன் அவரிடம் கோபமாக இல்லை.


மதுரை வழக்குரைஞர்

ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் ஓர் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணப்பர் தன் கண்ணைக் கொடுத்தார். சிபி தன் தசையை அரிந்தார். இங்கே சித்தப்பா கொடுக்கவில்லை, அவருக்காகச் சித்தி கொடுத்தார். இரண்டும் ஒன்றா? சித்தியின் மனசு உறுத்துவது உறவினர் சொன்ன வார்த்தையால் மட்டும் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. "அவர் உடம்பு, அவரைக் கேட்காமல் நான் கொடுத்தேன்" என்கிற உறுத்தல் அடியில் இருக்கலாம். அதற்குப் புராணத்தில் பதில் இல்லை, அறத்தில்தான் தேட வேண்டும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, ஒருவர் உயிரோடு இருக்கும்போதே சாட்சிகள் முன்னால் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காமல் போயிருந்தால், அவர் வாழும்போது மறுப்பும் சொல்லவில்லை என்றால், குடும்பம் முடிவெடுக்கலாம். நெருங்கிய உறவினர் யாரேனும் எதிர்த்தால் நடக்காது. நெருங்கிய உறவு என்பதில் உடன்பிறந்தவரும் அடக்கம். ஆகவே உங்கள் பெரியப்பா கடைசியில் ஒதுங்கிக்கொண்டது சின்ன விஷயம் அல்ல, அவருடைய சம்மதமும் அந்தத் தாளில் சொல்லாமல் இருக்கிறது. பாரம் முழுவதையும் சித்தி ஒருவர் சுமக்க வேண்டியதில்லை.

மகள் சொன்னாளே, "அப்பா இருந்தா குடுக்கத்தான் சொல்லுவாரு" என்று. அந்த வாக்கியம்தான் இதில் மிக முக்கியமான சாட்சியம். அவள் எதை வைத்து அப்படிச் சொன்னாள் என்று கேட்டீர்களா?


காவேரிக்கரை

ஐயா, கேட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்த ராத்திரியே போன் போட்டுக் கேட்டேன். சித்தப்பா வருஷா வருஷம் பிறந்த நாளுக்கு ரத்தம் கொடுப்பாராம், சித்திக்குக்கூடச் சொல்லாமல், திட்டுவார் என்று. மகளை ஒரு முறை கூட்டிப்போயிருக்கிறார். "நம்மகிட்ட இருந்து எடுக்குறதுல எது நமக்குக் கொறையுது?" என்று அப்போது சொன்னாராம். இது சித்திக்கு இன்று வரை தெரியாது.


மதுரை வழக்குரைஞர்

முதலில் அதைச் சொல்லுங்கள், அம்மா. சட்டமும் சாத்திரமும் பிறகு.


பொருநைக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும். மேலப்பாளையத்துக்காரன். இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் காக்காவுக்கு (அண்ணனுக்கு) நான் ஒரு சிறுநீரகம் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு நொடி தயக்கம் இருந்ததில்லை. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போல என்று அல்மாயிதா அத்தியாயத்தில் இருக்கிறது. உம்மாவும் அதைச் சொல்லித்தான் என்னை அனுப்பிவைத்தார்கள். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) மன்றம், விற்பனை இல்லாமல், நிபந்தனைகளோடு, உறுப்பு மாற்றம் கூடும் என்று முடிவு சொன்னது. அதற்கு முன் 1986இல் அம்மானில் மூளைச்சாவையும் மரணமாக ஏற்றது.

ஆனால் நம் நாட்டு ஆலிம்களில் (மார்க்க அறிஞர்களில்) பலர் இதை ஏற்பதில்லை. உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், அடுத்தவருக்குக் கொடுக்க நமக்கு அதில் உரிமை இல்லை என்கிறார்கள். மய்யித்தின் (இறந்தவரின்) எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போல என்ற ஹதீஸை, நபிமொழியை, காட்டுகிறார்கள். எங்கள் மஹல்லாவில் பெரியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

என் நிலை இன்னும் முடிவாகவில்லை. கண் கொடுக்க மனம் ஒப்புகிறது, ஏனென்றால் இதயம் நின்ற பிறகு எடுக்கிறார்கள். இதயம் துடிக்கும்போது எடுப்பதில்தான் தடுமாறுகிறேன். இரவுப் பணி சகோதரி எழுதியதை இரண்டு தரம் படித்தேன், விளங்குகிறது. விளங்கிய பிறகும் மனம் முழுதாகச் சாயவில்லை. அப்படி இருக்கும்போது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் அது என் நாணயத்துக்கு ஆகாது என்று நினைக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறேன், துஆ செய்கிறேன்.

இன்னொன்று. எங்களுக்கு ஜனாஸாவை (இறந்தவர் உடலை) அடக்கத்துக்குச் சீக்கிரம் எடுக்க வேண்டும். விபத்து என்றால் போலீஸ் விசாரணை, போஸ்ட்மார்ட்டம், அதன்மேல் இது. ஒரு நாள் போய்விடுகிறது. மார்க்கத்தில் சம்மதம் உள்ளவர்களே இந்தத் தாமதத்துக்குப் பயந்து வேண்டாம் என்கிறார்கள்.


இரவுப் பணி

பாய், நீங்கள் சொல்வது உண்மை. உறுப்பு எடுக்கும் அறையிலேயே போஸ்ட்மார்ட்டத்தையும் சேர்த்துச் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, சில இடங்களில் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் நடந்தால் உங்களைப் போன்றவர்களின் வீடுகளில் பாதித் தயக்கம் போய்விடும்.


நாசரேத்து மகள்

எங்கள் வீட்டில் இது வந்தபோது ஆச்சி கேட்ட கேள்வி: "உயிர்த்தெழும்போது கண்ணு வேணுமே, ஆண்டவரை எப்படிப் பாப்பா?" எங்கள் பாதிரியார் சிரிக்காமல் பதில் சொன்னார். "மண்ணுல இருந்து முழு ஆளையே உண்டாக்குனவருக்கு ரெண்டு கண்ணு உண்டாக்க முடியாதா ஆச்சி? கடல்ல போன நம்ம சனங்க எந்த உடம்போட எழும்புவாங்க?" ஆச்சி சரி என்றுவிட்டார். கத்தோலிக்கர்களுக்கும் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் போப் இரண்டாம் ஜான் பால் உறுப்பு மாற்று மருத்துவர்கள் மாநாட்டிலேயே இதை அன்பின் செயல் என்று ஆதரித்துப் பேசியிருக்கிறார். எங்களுக்கு இது பெரிய சிக்கலாக இல்லை. சித்திக்காக ஜெபிக்கிறேன்.


வில்லிவாக்கம் வாசி

எல்லோரும் கடவுளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உள்ள தடை கடவுள் இல்லை.

நான் வில்லிவாக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் ஏரியாவுக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்று பேர். கடன்காரன் வாசலில் நின்றபோது, வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் விற்றுவிட்டு வந்தார்கள். இடுப்பிலிருந்து வயிறு வரை அந்தத் தழும்பைச் சின்ன வயதில் குழாயடியில் பார்த்திருக்கிறேன். கடன் அடையவில்லை, உடம்பும் போயிற்று. அந்த வியாபாரத்தை நிறுத்தத்தான் 1994 சட்டம் வந்தது. வந்த பிறகும் நின்றதா? சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் மீனவப் பெண்கள் விற்றார்கள். விசைத்தறி ஊர்களிலிருந்து இன்றைக்கும் செய்தி வருகிறது.

இறந்தவரிடமிருந்து எடுப்பது வேறு, எனக்குத் தெரியும். ஆனால் யாருக்குப் போகிறது? 2018இல் சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கு இதயம் வைத்தது பற்றி எவ்வளவு பெரிய சர்ச்சை வந்தது? அரசு ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் ஏழையின் உறுப்பு, லட்சக்கணக்கில் கட்ட முடிந்தவனுக்குப் போகிறது என்றால், அந்தத் தானத்தில் தர்மம் எங்கே இருக்கிறது? இன்னொன்றையும் கவனியுங்கள். உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் நம் நாட்டில் பெண்களே அதிகம், வாங்கிக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். மனைவி கொடுத்தால் தியாகம், புருஷன் கொடுக்க முன்வந்தால் "அவரு சம்பாதிக்கிறவரு" என்று தடுக்கிறார்கள். புராணத்தை எடுத்துப் பேசுகிற பெரியவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

சித்தியின் மேல் எனக்கு மரியாதை மட்டும்தான். இந்தக் கேள்விகள் அவருக்கு அல்ல.


திருமுறை அன்பன்

தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உடன்பாடுதான் இருக்கிறது. கொடுப்பவர் தூய மனத்தோடு கொடுத்தாலும், அதை நடுவில் இருப்பவன் விலைபேசினால் பாவம் அவனுக்கு. ஆனால் அவன் பாவத்துக்குப் பயந்து கொடுப்பவர் கையை மடக்கிக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் ஏழைக்கு யார் தருவார்?


இரவுப் பணி

வில்லிவாக்கம் அண்ணன் கேட்டது நியாயம். நான் பார்த்த அளவில் சொல்கிறேன். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை மருத்துவமனை தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல்படிதான் போகும். அரசு மருத்துவமனைகளிலும் மாற்று அறுவை நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் செய்கிறார்கள். வெளிநாட்டவருக்கு என்றால், இந்தியர் யாருக்கும் பொருந்தவில்லை என்ற பிறகுதான். விதி இது. விதி ஒவ்வொரு முறையும் மீறப்படாமல் நடக்கிறது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கண்காணிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் பயத்தில் பட்டியலே வற்றிப்போனால் மறுபடியும் உயிருள்ளவரின் சிறுநீரகத்துக்கு விலை ஏறும். உங்கள் தெருவில் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.


வடமராட்சி

வணக்கம். நான் பருத்தித்துறைப் பக்கம். இப்ப வெளிநாட்டில இருக்கிறன்.

கண் தானம் எண்டால் எங்கட நாட்டில பௌத்த ஆக்கள் அதில முன்னுக்கு நிக்கினம். ஹட்சன் சில்வா எண்ட வைத்தியர் 1961இல கண் தான சங்கம் தொடங்கினவர். 1964இல சிங்கப்பூருக்குக் கருவிழி அனுப்பினவை, அதுக்குப் பிறகு எத்தினையோ நாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கு. அவையின்ர சாதகக் கதையில, புத்தரின்ர முற்பிறப்புக் கதையில, சிவி ராசா தன்ர கண்ணையே தோண்டிக் குடுக்கிறார். அடுத்த பிறப்பில குருடாகப் பிறப்பம் எண்டு அவை நினைக்கேல்லை. அடுத்த பிறப்புக்குப் புண்ணியம் எண்டு நினைச்சுக் குடுக்கினம். மறுபிறப்பை நம்பிறதில எங்களுக்கும் அவைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே நம்பிக்கையில இருந்து ஒரு சனம் குடுக்குது, ஒரு சனம் மறுக்குது.

ஆனால் நான் எழுத வந்தது வேற. "உடம்பு முழுசா இல்லாட்டி ஆத்மா கரை சேராது" எண்ட அந்தச் சொல். அதை வாசிச்சாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. 2009இல முள்ளிவாய்க்காலில என்ர மாமியின்ர மகன் செத்தவன். உடம்பே இல்லை. எங்க கிடந்தது எண்டும் தெரியாது. மாமி கனகாலம் காரியமே செய்யேல்லை, எங்கையோ இருக்கிறான் எண்டு. பிறகு ஒரு ஐயர் சொன்னார், தர்ப்பையால உருவம் செய்து தகனம் செய்யச் சாத்திரத்தில இடம் இருக்கு எண்டு. கீரிமலையில வச்சுச் செய்தம். ஐயர் தர்ப்பையை முடிஞ்சு கை, கால், தலை எண்டு வச்சார். மாமி தன்ர சேலைத் தலைப்பால அந்தத் தர்ப்பைக்கு முகம் துடைச்சுவிட்டா.

அந்தச் சொல் உண்மையெண்டால் எங்கட சனத்தில எத்தினை ஆயிரம் பேர் கரை சேரேல்லை? கடவுள் அப்பிடி ஒரு கணக்கு வச்சிருக்கிறார் எண்டு நான் நம்பமாட்டன். உங்கட சித்தியிட்டச் சொல்லுங்கோ அக்கா, அவவிட்ட அவரின்ர உடம்பு இருந்தது, குளிப்பாட்டி, நெத்தியில நீறு பூசி, ஊர் கூட அனுப்பி வச்சவா. அவர் கரை சேர்ந்திட்டார்.


ஈரோட்டான்

வடமராட்சித் தோழர், உங்கள் பதிவுக்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. என் முதல் பதிவின் கருத்து எனக்கு அப்படியே இருக்கிறது, கடவுளோ ஆத்மாவோ இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சித்தி கேட்டது "உண்டா இல்லையா" என்று அல்ல. தன் கணவரை நன்றாக வழியனுப்பினேனா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு.

என் அப்பா பெரியார் தொண்டர். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார், கொடுத்தோம். 2010இல் ஜோதிபாசு, 2024இல் சீதாராம் யெச்சூரி என்று பெரிய தலைவர்கள் செய்ததுதான். நானும் அதே முடிவில்தான் இருக்கிறேன். ஆனால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. சாம்பல் இல்லை, சமாதி இல்லை, போய் நிற்க ஓர் இடமில்லை. சடங்கு வேண்டாம் என்று சொல்கிற நாங்கள், அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். அடுத்த வருஷம் அப்பாவின் நினைவு நாளில் அந்தக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களிடம் பேச அனுமதி கேட்டோம். அம்மா வந்தார். ஒரு மாணவி அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை.


மதுரை வழக்குரைஞர்

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடுத்தபோதுதான் தமிழ்நாட்டில் இது வீட்டுத் திண்ணைப் பேச்சானது. அவன் நினைவு நாளான செப்டம்பர் 23 அன்று, 2023இல் முதலமைச்சர் அரசு மரியாதையை அறிவித்தார். அந்த மரியாதை நல்லது. ஆனால் உங்கள் சித்தி போன்றவர்களுக்கு அது அன்று ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. கருமாதிப் பந்தியில் ஒருவர் வாய் திறக்கும்போது பக்கத்தில் கலெக்டர் இருக்கமாட்டார். அங்கே "அது அவரே விரும்பியது" என்று சொல்லச் சித்தியின் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இப்போது ஆதாரை வைத்துத் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்யலாம், தமிழ்நாடு ஆணையத்திலும் செய்யலாம். அதை மட்டும் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அட்டை பர்ஸில் இருந்தாலும் நடைமுறையில் உங்கள் வீட்டாரைத்தான் கேட்பார்கள். கொடுக்க விருப்பமில்லை என்றாலும் அதையும் சொல்லுங்கள். பொருநைக்கரை பாய் போலக் கண் மட்டும் என்றால் கண் மட்டும் என்று சொல்லுங்கள். மறுப்பதற்கும் முழு உரிமை உண்டு. சொல்லாமல் போவதுதான், ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலையில் நாம் ஏற்றிவைக்கும் பாரம்.


காவேரிக்கரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன்.

முதலில் தங்கையை விட்டு ரத்தம் கொடுத்த கதையைச் சொல்ல வைத்தேன். சித்திக்குக் கோபம்தான் வந்தது. "எங்கிட்ட சொல்லாம எத்தனை வருஷமா?" என்று ரொம்ப நேரம் திட்டினார். திட்டிவிட்டு அழுதார். பிறகு அவரே கேட்டார், "அப்ப கண்ணக் குடுத்தது அவருக்குச் சம்மதமாத்தான் இருக்கும், இல்ல?" என்று. தமிழாசிரியர் ஐயா எழுதிய பிண்டப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். சாவுச் சான்றிதழை எடுத்து நேரத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த நேரத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஆனால் இரண்டையும் ஒன்றாக மடித்துப் பீரோவில் வைத்தார்.

வடமராட்சி அண்ணா, உங்கள் மாமியைப் பற்றிச் சொன்னேன். "அந்த அம்மா பேரு என்ன? அர்ச்சனை பண்ணணும்" என்றார். பேரும் நட்சத்திரமும் தனி மடலில் அனுப்புவீர்களா?

கண் யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார். ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறார்.


இரவுப் பணி

அக்கா, பேர் சொல்லமாட்டார்கள். பெற்றவரையும் கொடுத்தவர் குடும்பத்தையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைப்பதுதான் முறை. பின்னால் பணமோ, கடன்பட்ட எண்ணமோ, உரிமைப் பேச்சோ வந்துவிடக் கூடாது என்பதற்காக. எடுத்த கருவிழி பயன்பட்டதா என்று மட்டும் கண் வங்கியில் கேட்டுப் பாருங்கள், அதைச் சில இடங்களில் சொல்வார்கள்.


வடமராட்சி

அனுப்பிப்போட்டன் அக்கா. மாமியிட்டயும் சொன்னன். அவவும் உங்கட சித்தப்பாவின்ர பேர் கேட்டவா.


காவேரிக்கரை

அனுப்புகிறேன் அண்ணா.

வில்லிவாக்கம் அண்ணன் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை, ஆனால் அந்தக் கேள்வியோடுதான் நானும் பதிவு செய்தேன். வீட்டில் சொன்னேன். தம்பி சரி என்றான். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கண் கொடு, மற்றதெல்லாம் வேண்டாம் என்கிறார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. ஆடி அமாவாசைக்குத் தம்பியோடு படித்துறைக்குப் போகும்போது மறுபடி பேசலாம் என்று விட்டிருக்கிறேன். சித்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.